கொடுப்பது எளிது, அறிவது அரிது



கல்வியாண்டு நிறைவடையும் காலம் வந்தாலே எங்கள் பள்ளியில் பரிசளிப்பு விழாவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பலவும் பட்டணம் பார்த்துப் பெயர்ந்தன. அதனால் இம்முறை எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பில் பதினான்கு மாணவர்களே இருந்தனர். ஒருவருக்கு இருபது ரிங்கிட் என்று கணக்கிட்டு, பரிசு வாங்கும் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் என்னிடம் ஒப்படைத்தனர். "தஞ்சோங் மாலிம் கடையில் ஒரே மாதிரியாய்ப் பதினான்கு தண்ணீர்ப் புட்டிகள் வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது" என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார்.

அந்த யோசனையில் தவறொன்றும் இல்லை. ஆயினும் என் மனம் அதனை ஏற்க மறுத்தது. அதற்கொரு பழைய காரணம் உண்டு.

ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், என் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஒரே வகையான வண்ணப் பென்சில் பெட்டியைப் பரிசாக வாங்கிக் கொடுத்தேன். அவ்வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே இயலாத நிலையில் வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். எட்டு மாதங்கள், பள்ளி முடிந்த பின்னரும் தங்கியிருந்து, ஆண்டின் இறுதியில் ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றிப் படித்துக் காட்டினான். பரிசுப் பெட்டியைப் பெற்றுக்கொண்டபோது அவன் முகம் மலர்ந்தது. சற்று நேரம் கழித்து மற்ற மாணவர்களின் கைகளைப் பார்த்தான். என்னிடம் வந்து, "எல்லாருக்கும் இதேதானா, சார்?" என்று கேட்டான். "ஆமாம்" என்றேன். அவன் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவன் குடும்பம் வேறு தோட்டத்திற்கு மாறிச் சென்றது. அதன்பின் நான் அவனைக் காணவில்லை.

அந்த வினாவுக்கு உரிய விடை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோரால் சொல்லப்பட்டுவிட்டது என்பதைப் பின்னாளில் புறநானூற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அதனை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கபிலர் சொன்ன குறை

உ.வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட புறநானூறு, போரைப் பாடும் நூல் மட்டுமன்று. கொடையைப் பாடும் நூலுமாகும். அதில் 121-ஆம் பாடல், திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடியது. காரியோ கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தன்னை நாடி வந்தவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவன். அப்படிப்பட்டவனிடம் கபிலர் குறை காண்கிறார் என்றால் வியப்பாக இல்லையா?

அவர் கூறும் கருத்து இதுதான்: ஒரு வள்ளலை எண்ணி நான்கு திசைகளிலிருந்தும் பரிசிலர் வருவார்கள்; அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது எளிது; அவரவர் வரிசையை, அதாவது தகுதியையும் தரத்தையும் அறிவதுதான் அரிது. ஆகவே, புலவர் அனைவரையும் ஒரே பார்வையில் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். இதனைப் 'பொதுநோக்கு' என்னும் சொல்லால் அவர் சுட்டுகிறார். காரி குறைவாகக் கொடுத்துவிடவில்லை. எல்லாருக்கும் ஒன்றுபோல் கொடுத்தான். அதுவே கபிலரை வருத்தியது. என் மாணவனும் இதையே கேட்டான். அவனுக்குக் கபிலரைத் தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை.

தினையளவும் யானையளவும்

208-ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். மலைகளைக் கடந்து தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வந்தார். இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். அஞ்சியோ அவரை நேரில் காணாமலேயே பரிசுப் பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைப் பெற மறுத்தார். காணாமல் கொடுத்த பொருளைப் பெற்றுக்கொண்டு போக நான் வணிகன் அல்லன் என்றார். அன்போடு, என் புலமையின் அளவை அறிந்து கொடுத்தால், அது தினையளவே ஆயினும் எனக்கு இனிது என்றும் சொன்னார். பசித்த வயிற்றோடு நின்றவரின் சொற்கள் இவை என்பதை நினைவிற் கொள்க.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 140-ஆம் பாடலில் உள்ளது. இன்றைய குமரி மாவட்டப் பகுதியிலுள்ள நாஞ்சில் மலைக்குத் தலைவன் நாஞ்சில் வள்ளுவன். தம்முடன் வந்த விறலியர் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கச் சிறிது அரிசி வேண்டும் என்று ஔவையார் கேட்டார். அவனோ மலை போன்ற யானையைக் கொடுத்தான். இப்படியும் தெளிவில்லாத ஈகை உண்டா என்று ஔவையார் வியக்கிறார். பாராட்டுக்குள்ளே மெல்லிய நகைச்சுவையும் ஓடுகிறது. யானைக்குத் தீனி போடுவது யார்? ஆயினும் அப்பாடல், பிறர் தகுதியை அறிந்தும் தன் நிலையை எண்ணியும் அவன் அவ்வாறு கொடுத்தான் என்றே காரணம் கூறுகிறது.

பொருத்தம் தவறிய பரிசு என்னவாகும் என்பதையும் நம் புலவர்கள் பதிவு செய்துள்ளனர். சோழன் செருப்பாழி எறிந்த இளஞ்சேட்சென்னியிடம் ஊன்பொதி பசுங்குடையார் பெற்ற அணிகலன்களைப் பற்றிய 378-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். வறுமையில் வாடிய சுற்றத்தார் அத்தகைய நகைகளை அதற்கு முன் கண்டதில்லை. விரலில் அணிய வேண்டியதைக் காதில் மாட்டினர். காதுக்குரியதை விரலில் செறித்தனர். இடைக்குரியதைக் கழுத்தில் பூண்டனர். இராமன் மனைவி சீதையின் நகைகளைக் கண்டெடுத்த குரங்குகள் அவற்றை அணிந்துகொண்டாற் போல இருந்தது என்று புலவரே சொல்லிச் சிரிக்கிறார். பரிசு உயர்ந்ததுதான். பெற்றவர் வாழ்க்கையில் அதற்கு இடம்தான் இல்லை.

முதலில் உடை, பிறகு யானை

அப்படியானால் சரியான முறை எது? பொருநராற்றுப்படை அழகாக விடை தருகிறது. கரிகால் வளவனை நாடிச் சென்ற பொருநனின் உடை, ஈரும் பேனும் குடியிருந்த, ஒட்டுப்போட்ட கந்தல். மன்னன் முதலில் செய்த வேலை, அக்கந்தலை நீக்கிப் பாம்புத்தோல் போன்ற மெல்லிய ஆடையைக் கொடுத்ததே. அடுத்து உணவு. பல நாள் உண்டு களைத்து, ஊர் திரும்ப விடைகேட்ட பிறகே தேரும் யானையும் வருகின்றன. அனுப்பும்போது மன்னன் ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்பும் மரபையும் அந்நூல் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாணனுக்குப் பொற்றாமரையும் விறலியர்க்குப் பொன்மாலையும் என்று தனித்தனியே பரிசுகள் பிரிக்கப்படுகின்றன. ஆளுக்கேற்ற பொருள், நேரத்திற்கேற்ற வரிசை. இரண்டையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

சில வேளைகளில் பொருளே தேவைப்படுவதில்லை. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்.) பரணர் அவனிடம் வந்து, நாங்கள் பசித்து வரவில்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பாயாக, நாங்கள் வேண்டும் பரிசில் அதுவே என்றார். 145-ஆம் பாடல் இது. மயிலின் குளிரை உணர்ந்த மன்னனுக்கு மனைவியின் துயரை நினைவூட்ட வேண்டியிருந்தது. தொலைவில் உள்ளவரைக் கவனிப்பது நமக்கும் பல வேளைகளில் எளிதாகத்தானே இருக்கிறது?

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ஆம் ஆண்டில் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று கடமைகளால் பழஞ்சமூகங்கள் பிணைக்கப்பட்டிருந்தன என்று விளக்கினார். நம் புலவர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தனர் என்பேன். அஃது அறிந்து கொடுத்தல்.

நம் தோட்டங்களில்

மன்னர் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். என் தாயார் பால்மரம் வெட்டிய தோட்டத்திலேயே வளர்ந்தவர். தீபாவளிக்குத் தாத்தா ஒரே கட்டுத் துணியை வாங்கி வருவாராம். பிள்ளைகள் அனைவருக்கும் சட்டையும் கவுனும் அதிலேயே தைக்கப்படும். கூலிக்காரக் குடும்பத்துக்கு அதுவே கட்டுப்படியாகும். ஆனால் பாட்டி, சேர்த்து வைத்த காசில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் விரும்பும் நிறத்தில் தலை நாடா வாங்கித் தருவாராம். அந்தத் துணி என்ன நிறம் என்பது இன்று அம்மாவுக்கு நினைவில்லை. தம் நாடா மஞ்சள் நிறம் என்பதை மட்டும் மறக்கவே இல்லை.

இன்னொரு கொடையும் நம் வரலாற்றில் உண்டு. 1950-களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், அதன் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத உழைப்பாளிகளும் தங்கள் பங்கை அளித்தனர். தங்களுக்குப் பயன்படாத ஒன்றை, யாருக்குப் பயன்படும் என்பதை அறிந்து கொடுத்தார்கள். துறை 1956-இல் தொடங்கியது. வரிசை அறிதல் என்பது மன்னருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதினான்கு பொட்டலங்கள்

மீண்டும் எங்கள் பள்ளிக்கு வருவோம். நான் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மாணவர்களைக் கவனித்தேன். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பவனுக்குத் திருப்புளித் தொகுப்பு. ஓயாமல் வரைபவளுக்குத் தடித்த ஓவியத்தாள். படித்த கதையைத் தம்பிக்குச் சொல்பவளுக்குக் கதைநூல். இப்படியே பதினான்கு பொட்டலங்கள். விலை ஏறத்தாழ ஒன்று, பொருள் வேறு. ஒரு மாணவனின் காலணி கிழிந்திருந்தது. அதை மேடையில் கொடுப்பது அவனுக்கு நாணம் தரும். ஆகவே, விழாவுக்கு முன்னரே தனியே கொடுத்தேன். மேடையில் அவனுக்கு வேறொரு பரிசு. கரிகாலனிடம் கற்ற பாடம் அது.

விழா முடிந்ததும் பெற்றோர் ஒருவர், "ஏன் சார், ஆளுக்கு ஒரு மாதிரி? பிள்ளைங்க மத்தியில பாகுபாடு வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறுவேறாகக் கொடுப்பவர் ஒருவரைத் தாழ்த்திவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் விலையை ஒன்றாக வைத்தேன் என்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார். ஆனால் என் கணிப்பும் ஓரிடத்தில் பொய்த்தது. கதைநூல் பெற்ற மாணவி, மறுநாள் தயங்கியபடி, பூப்பந்து மட்டை கிடைக்குமென்று நினைத்ததாகச் சொன்னாள். அவள் திடலில் ஆடுவதை நான் ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை. அறிவது அரிது என்று கபிலர் சொன்னது சும்மாவா?

இருப்பினும், "எல்லாருக்கும் இதேதானா?" என்று இம்முறை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வினாவை முதலில் கேட்டவன் இன்று எந்த ஊரில் இருக்கிறானோ, அறியேன். அவனுக்கு நான் இன்னும் ஒரு பரிசு கடன்பட்டிருக்கிறேன்.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை பரிசு வாங்கக் கடைக்குச் செல்லும் முன், பெறப்போகிறவரைச் சற்று நேரம் நினைத்துப் பாருங்கள். தினையளவு போதும்.