ஆடுதுறை 27: விதையும் கூலியும்

தொழில்நுட்ப மையம் என்றவுடன் கணினி நகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் காவிரிப் படுகையில் 1922ஆம் ஆண்டிலேயே அத்தகைய மையமொன்று தோன்றிவிட்டது. அதுவே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். அதன் பெயர்பெற்ற படைப்பான ஏ.டி.டி. 27, கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 இரகத்துக்கும் ஜப்பானின் நோரின் 10 இரகத்துக்கும் பிறந்தது. இரு நாட்டு நெல்லினங்களையும் இணைக்கும் பணி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையுடன் 1950களில் கட்டாக்கில் நடைபெற்றது. தமிழகத்தில் பொன்னி எனப் புகழ்பெற்ற மலேசிய மாசூரியும் அத்திட்டத்தின் கனியே.

ஏறத்தாழ 105 நாளில் விளைந்தமையால் ஏ.டி.டி. 27 குறுவைக்குப் பொருந்தியது. 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் உரமும் கடனும் வழங்கித் தஞ்சை உழவரைப் புதிய விதைக்கு ஆயத்தப்படுத்தியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் அவ்விதை வயலெங்கும் பரவிற்று.

எனினும், பெருகும் விளைச்சலில் உழைப்போர் பங்கு யாது என்னும் வினாவுக்கு ஆய்வுக்கூடத்தில் விடையில்லை. கூலி உயர்வுப் போராட்டத்தினிடையே, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல்தான் பிறந்தது. விதை முந்தி வந்தது; நீதி பிந்தி வந்தது. புதுமையைப் போற்றும் வரலாறு இவ்வரிசையையும் பதிவு செய்தல் வேண்டும்.