கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காடு

லண்டன், 1829-ம் ஆண்டு. கப்பல்துறைக்குப் பக்கத்தில், வெல்க்ளோஸ் சதுக்கத்தில் நதானியேல் வார்டு என்றொரு டாக்டர் இருந்தார். நோயாளிகளைப் பார்த்தது போக மிச்ச நேரமெல்லாம் செடி, பூச்சி என்று அலைகிற மனிதர். வீட்டுக்குப் பின்னால் பாறைகளை அடுக்கி அதில் பெரணிச் செடி வளர்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. எங்கே வளர்ப்பது? சுற்றிலும் ஆலைப் புகைபோக்கிகள். நிலக்கரிப் புகையில், நட்டதெல்லாம் கருகிச் செத்தது. போதுமடா சாமி என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறுவதைப் பார்ப்பதற்காக, அதை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்தது. பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. தினம் இதே கதை. கொஞ்ச நாளில் உள்ளே ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின!

வெளியே கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தும் பிழைக்காத செடி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... கிட்டத்தட்ட நாலு வருஷம்! கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித்தான் செத்தது.

சரி, இந்த டாக்டர் கதை இப்போது எதற்கு?

நர்சரிகளில் 'ப்ரேயர் பிளான்ட்' என்று ஒரு தொட்டிச் செடி விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அகலமான பச்சை இலை, நடுவில் மயிலிறகு மாதிரி கறைகள், சில ரகங்களில் ரத்தச் சிவப்பு நரம்புகள். பகலில் இலைகளை விரித்து வைத்திருக்கும். பொழுது சாய்ந்தால் மேலே தூக்கி, கை கூப்பின மாதிரி நிற்கும். பிரார்த்தனைச் செடி என்ற பெயர் அதனால்தான். பக்தியெல்லாம் இல்லை! இலை காம்போடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன முட்டி இருக்கிறது. அதன் செல்களில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக நடக்கிற வேலை அது.

சொந்த ஊர், பிரேசிலின் மழைக்காடு. பெரிய மரங்களின் நிழலில், தரையோடு தரையாகப் படர்கிற சாதி. 'மராண்டா' என்பது 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் இத்தாலிய டாக்டரின் பெயர். இந்த ரகத்துக்கு 1874-ல் 'மராண்டா லியூகோநியூரா' என்று பெயர் சூட்டியவர் எட்வர்ட் மோரென், பெல்ஜியம்காரர். பிறந்தது பிரேசில், பெயர் முழுக்க ஐரோப்பா!

காட்டுத் தரையில் கிடந்தவை ஐரோப்பிய ஹாலுக்குள் நுழைந்ததில் வார்டின் பாட்டிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதுவரை கப்பலில் செடி கொண்டுவருவது படு நஷ்டமான வியாபாரம். உப்புக் காற்று, வெயில், குளிர்... போதாததற்கு, குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுக்கிற கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? லண்டனில் லாடிஜஸ் என்ற பெரிய நர்சரி. அவர்களுக்கு வருகிற 20 செடிகளில் 19 வழியிலேயே செத்துவிடும். பி.காம். படித்த யாரும் முதல் போடத் துணியாத கணக்கு!

1833-ல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து மூடி, சிட்னிக்குக் கப்பலேற்றினார். பல மாதப் பயணம். பச்சைப்பசேலென்று போய் இறங்கின. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். நடுவில் கேப் ஹார்ன் முனையின் பனி, நிலநடுக்கோட்டின் வெயில். அவையும் உயிரோடு லண்டன் வந்து சேர்ந்தன. லாடிஜஸ் கணக்கு தலைகீழானது. இப்போது 20-ல் 19 பிழைத்தன!

1845-ல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை எடுத்தார்கள். கண்ணாடி விலை சரிந்தது. பணக்கார வீடுகளின் வரவேற்பறையில் வார்டு பெட்டி ஓர் அந்தஸ்துச் சின்னமாக உட்கார்ந்தது. பாவம், வார்டு ஆசைப்பட்டது வேறு. புகை மண்டிய நகரத்தில், ஏழைத் தொழிலாளியின் குடிசைக்குள்ளும் கொஞ்சம் பச்சை இருக்க வேண்டும் என்று தன் புத்தகத்தில் அக்கறையாக எழுதியிருக்கிறார்.

ஏழைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பெட்டி சாம்ராஜ்யத்தின் கைக்குப் போய்விட்டது.

சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ராபர்ட் பார்ச்சூன் இமயமலைப் பக்கம் கொண்டுவந்தது வார்டு பெட்டியில்தான். தேயிலைக்குச் சீனாவைக் கெஞ்சிய பிரிட்டிஷார், இந்தியாவிலேயே பயிரிடுவதைப் பெருக்கினார்கள். 1860-ல் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனா நம்ம ஊட்டிக்கு வந்தது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையில்தான் இருக்கிறது.

1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்கு அள்ளி வந்தார். முளைத்தவை கொஞ்சம்தான். அதில் சுமார் 1,900 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. மறு வருஷம் வெறும் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 20-ம் நூற்றாண்டு பிறந்ததும் மலேயாவில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். மரத்தைச் சீவிப் பால் எடுக்க ஆள் வேண்டுமே? கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கம் வந்து இறங்கினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் செடிக்குக் காற்று, ஈரம், வெளிச்சம் எல்லாம் அளவாகக் கிடைத்தன. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த மனிதர்களுக்கு அந்தக் கவனிப்பு கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

வார்டு 1868-லேயே கண்ணை மூடிவிட்டார். ரப்பர் பயணத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. பெரணி வளர்க்க ஆசைப்பட்ட மனிதர், அவ்வளவுதான். ஆனால், எந்தக் கண்டுபிடிப்பும் கண்டுபிடித்தவன் ஆசைப்பட்ட இடத்தோடு நின்றுவிடுவதில்லை. யார் கையில் பணமும் கப்பலும் இருக்கிறதோ, அவர்கள் வேலையைத்தான் அது முதலில் செய்கிறது.

பிரார்த்தனைச் செடி வாங்கப் போகிறீர்களா? வார்டு கற்ற பாடம்தான் உங்களுக்கும். அதற்கு வேண்டியது காட்டுத் தரையின் காற்று. நேர் வெயிலில் வைத்தால் இலையின் நிறம் வெளுத்துவிடும். ஏ.சி. காற்று முகத்தில் அடித்தால் ஓரம் சுருண்டு கருகும். உப்புத் தண்ணீர் ஆகாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அமிர்தம். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். சென்னையின் மாசி, பங்குனி வெயிலில் இலை வாடினால், அகலமான கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, மேலே அரைகுறையாக மூடி, நிழலில் வையுங்கள்.

ஜாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் படியும். லண்டன் டாக்டர் 1829-ல் பார்த்தது அதைத்தான்.