ரேடாருக்கு மறையும் போர் விமானம்: இந்தியாவின் விலை, வலிமை விவாதம்

தன்மீது படும் ரேடார் அலைகளை வந்த திசைக்கே திருப்பி அனுப்பாதபடி, உடலின் வடிவத்தாலும் மேற்பூச்சாலும் தன் தடயத்தைச் சுருக்கிக்கொள்ளும் விமானமே ரேடாருக்கு மறையும் போர் விமானம். 'ஸ்டெல்த்' விமானம் என்றும், அதோடு சேர்ந்து வரும் உணரிகளையும் கணினி வசதிகளையும் கணக்கில் கொண்டு 'ஐந்தாம் தலைமுறை' விமானம் என்றும் இது நாளேடுகளில் வழங்குகிறது. இந்தியாவில் இதைப் பற்றிய விவாதம் 2007இல் ரஷ்யாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து தொடர்கிறது. இவ்வளவு விலை தகுமா என்று ஒரு தரப்பும், இந்த வலிமை இல்லாமல் வானைக் காக்க முடியுமா என்று மறு தரப்பும் கேட்டுவருகின்றன. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம்; ஆனால் இரண்டும் விமானம் வாங்கும் நாளோடு நின்றுவிடுகின்றன. அறுபதாண்டு வரலாறு காட்டும் அளவுகோல் வேறு. தேவைப்படும் காலையில் எத்தனை விமானங்கள் கிளம்பத் தயாராக நிற்கின்றன, அவற்றைப் பழுது பார்க்கும் திறமை யார் கையில் இருக்கிறது என்பவையே விலையையும் வலிமையையும் ஒருசேர அளக்கும்.

மறைதல் நடக்கும் விதம்

பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை என்று மீனவர்கள் தனித்தனியே வைத்திருப்பதற்குக் கண்ணியின் அளவு ஒரு முக்கியக் காரணம். செவுள் வலையில் தலை நுழைந்து உடல் நுழையாத பருமனுள்ள மீன்தான் சிக்கும். அதைவிடச் சிறியது கண்ணி வழியே போய்விடும். பெரியது முட்டித் திரும்பிவிடும். ரேடார் அலைக்கும் இப்படி ஓர் அளவுப் பொருத்தம் உண்டு. போர் விமானங்களும் ஏவுகணைகளும் குறிபார்க்கப் பயன்படுத்தும் ரேடார்களின் அலைநீளம் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். மறையும் விமானத்தின் சாய்ந்த பக்கங்களும், ஒரே கோணத்தில் வெட்டப்பட்ட விளிம்புகளும், அலையை விழுங்கும் பூச்சும் முக்கியமாக அந்தக் குறுகிய அலைகளை ஏமாற்றவே அமைந்தவை. அலைநீளம் 2 மீட்டர் அளவுக்குப் போனால் விமானத்தின் வால், இறக்கை நுனி போன்ற உறுப்புகளின் அளவோடு அது ஒத்துப்போய், எதிரொலி மறுபடி தலைகாட்டும். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இஸ்ரோ ஒரு பல்பொருள் கண்காணிப்பு ரேடாரை நிறுவியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு அலைவீசிகள் பதித்த அந்தத் தட்டையான முகம் எல்-பேண்ட் எனப்படும் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரையிலான அலைகளில் இயங்கி, விண்கலங்களையும் விண்வெளிக் குப்பைகளையும் பின்தொடர்கிறது. அது போர்க்கருவி அன்று. ஆனாலும் குறிபார்க்கும் ரேடாரைவிட நீண்ட அலையில் பெரிய ரேடார் கட்டும் கைத்திறன் இன்று பல நாடுகளுக்கு வாய்த்துவிட்டது என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. ஆகவே மறைதல் என்பது முற்றாக இல்லாமல் போவதன்று. சில கண்ணிகளுக்கு மட்டும் தப்பிப்பது.

உலக வரலாறு

இதற்கான கணித அடிப்படையை 1962இல் சோவியத் இயற்பியலர் பியோத்தர் உஃபிம்ஸெவ் எழுதினார். அவருடைய நாடு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1977இல் அவர்களுடைய சோதனை விமானம் பறந்தது. 1981இல் எஃப்-117 முதன்முறை பறந்தது. 1988 வரை அப்படி ஒன்று இருப்பதையே அமெரிக்கா வெளியில் சொல்லவில்லை. 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் மீது குண்டு வீசிய அந்த விமானங்களில் ஒன்றுகூட வீழவில்லை என்பதால், மறைதிறன் இருந்தால் வெல்லவே முடியாது என்ற எண்ணம் வேரூன்றியது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அந்த எண்ணம் உடைந்தது. 1960களில் வந்த எஸ்-125 ஏவுகணை, நீண்ட அலையில் இயங்கும் பழைய பி-18 ரேடாரின் துணையோடு ஓர் எஃப்-117ஐ வீழ்த்தியது. அதே எஸ்-125 குடும்பத்து ஏவுகணைதான் இந்திய விமானப்படையில் 'பெச்சோரா' என்ற பெயரில் நெடுங்காலம் காவல் நின்றது. பழைய கருவியும் பொறுமையான படையணியும் சேர்ந்தால் புதிய விமானத்தையும் பிடிக்கலாம் என்பதை அந்த இரவு உலகுக்குக் காட்டியது.

அடுத்து வந்த எஃப்-22இன் கதை முழுக்க விலையின் கதை. 750 விமானங்கள் என்று தொடங்கிய திட்டம், செலவு ஏற ஏற எண்ணிக்கையில் சுருங்கியது; எண்ணிக்கை சுருங்கச் சுருங்க ஒவ்வொன்றின் விலையும் ஏறியது. கடைசியில் படைக்குக் கிடைத்தவை 187. ஆய்வுச் செலவையும் சேர்த்து வகுத்தால் ஒன்றுக்கு 35 கோடி டாலர் ஆகிறது. இந்தச் சுழலிலிருந்து தப்பவே முப்படைக்கும் நட்பு நாடுகளுக்கும் பொதுவாக, ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய எஃப்-35 திட்டம் 2001இல் லாக்ஹீட் மார்ட்டினுக்குத் தரப்பட்டது. உற்பத்தி விலையில் அது ஓரளவு வென்றது: விமானப்படை வகை ஒன்றின் விலை சுமார் 8 கோடி டாலருக்கு இறங்கியது. ஆனால் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த விமானங்களை அவற்றின் ஆயுள் முழுவதும் பராமரிக்க 1.58 லட்சம் கோடி டாலர் பிடிக்கும். 2018இல் அந்த மதிப்பீடு 1.1 லட்சம் கோடியாக இருந்தது. 2023 மார்ச் நிலவரப்படி பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 விழுக்காடுதான். இதற்கிடையே ரஷ்யாவின் சுகோய்-57 2010இலும் சீனாவின் ஜே-20 2011இலும் முதன்முறை பறந்தன. ஜே-20 2017இல் சீன விமானப்படையில் சேர்ந்தபோது, இந்த விவாதம் இமயமலைக்கு அப்பாலிருந்து இந்தியாவின் வாசலுக்கு வந்துவிட்டது.

இந்தியா வந்த வழி

இந்தியா முதலில் கூட்டு முயற்சியை நாடியது. சுகோய்-57இன் அடித்தளத்தில் ஒரு விமானத்தை ரஷ்யாவோடு சேர்ந்து உருவாக்க 2007இல் உடன்பாடு ஏற்பட்டது. 2010 டிசம்பரில் முதற்கட்ட வடிவமைப்புக்கு 29.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எஞ்சின், மறைதிறன், தொழில்நுட்பப் பகிர்வு ஆகியவற்றில் மனநிறைவு கிட்டாமல் 2018இல் இந்தியா விலகிக்கொண்டது. கையில் விமானம் இல்லை. செலவழித்த பணமும் திரும்பவில்லை. மறுபுறம் பெங்களூரில் உள்ள வானூர்தி மேம்பாட்டு முகமை, 'மேம்பட்ட நடுத்தரப் போர் விமானம்' என்ற ஆம்கா திட்டத்தின் சாத்தியக்கூற்றை 2010 முதல் ஆராய்ந்து வந்தது. 25 டன் எடையும் இரட்டை எஞ்சினும் கொண்டு, ஆயுதங்களை வயிற்றறைக்குள் சுமக்கும் விமானமாக அது வரையப்பட்டது. ஐந்து முன்மாதிரிகளைச் செய்து பறக்கவிடச் சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்தது. 2025 மே மாதம், தனியார் நிறுவனங்களும் போட்டியிட்டுப் பங்கேற்கும் செயல்முறைக்குப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இசைவு தந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில் எஃப்-35உம் சுகோய்-57உம் ஒரே திடலில் நின்றன. அதே வாரத்தில் எஃப்-35ஐ இந்தியாவுக்குத் தர வழிசெய்வதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். இன்றைய விவாதம் சூடுபிடித்தது அப்போதுதான்.

விலையை எண்ணும் முறை

பழவேற்காட்டுக் கரையில் கட்டுமரம் இருந்த இடத்துக்கு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு வந்தபோது மீனவக் குடும்பங்களின் கணக்கும் மாறியது. படகை ஒருமுறை வாங்கினால் போதும். டீசல், வலை, உப்புக்காற்றில் அரிக்கும் உதிரிப்பாகம், எஞ்சின் நின்றால் கடலுக்குப் போக முடியாத நாள் ஆகியவை ஆண்டு முழுதும் விடாமல் வரும் செலவுகள். கரையில் கவிழ்த்துக் கிடக்கும் படகு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஒரு கூடை மீன் தராது. போர் விமானத்துக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். எஃப்-22இன் அலுமினியத் தகடுகளுக்கு இடையிலான சந்துகளை, மறைதிறன் கெடாதிருக்க, மின்கடத்தும் பசையால் அடைத்தார்கள். அந்தப் பசையும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தகடுகளை அரித்தன. மறைப்பதற்குப் பூசியதே உடலைத் தின்னத் தொடங்கியதால், விமானங்கள் பறக்கும் நேரம் குறைந்து பட்டறையில் நிற்கும் நேரம் கூடியது. ஈரப்பதமும் உப்பும் நிறைந்த தென்னிந்தியக் கரையோரத் தளங்களில் இப்படிப்பட்ட பூச்சைக் காப்பாற்றுவது எளிய வேலையாக இராது.

இந்தியாவின் சொந்த அனுபவமும் இதையே சொல்கிறது. சுகோய்-30 விமானங்களில் 75 விழுக்காடு தயார்நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தவை 55 முதல் 60 விழுக்காடுதான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015இல் சுட்டிக்காட்டினார். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 36 விமானங்கள் 55 விழுக்காடு தயார்நிலையில் இருந்தால் கிளம்பக்கூடியவை 20. 75 விழுக்காட்டில் இருந்தால் 27. நடுவில் உள்ள ஏழு விமானங்களை எந்தத் தொழிற்சாலையிலும் வாங்க வேண்டியதில்லை; உதிரிப்பாகமும் பயிற்சி பெற்ற கைகளும் இருந்தாலே அவை கிடைத்துவிடும். 2016இல் 36 ரஃபேல்களுக்கு இந்தியா ஒப்புக்கொண்ட தொகை சுமார் 59,000 கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால் ஏழு விமானங்களின் மதிப்பு என்ன என்பது புரியும். ஆம்காவின் 15,000 கோடி அந்தத் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆனால் அது முன்மாதிரிகளுக்கு மட்டுமே ஆகும் செலவு. அந்தப் பணத்துக்கு நாடு உண்மையில் வாங்குவது, பிற்பாடு யாரையும் கேட்காமல் விமானத்தைப் பிரித்துப் பூட்டவும் மாற்றவும் உள்ள உரிமையை. எஃப்-35ஐ வாங்கினால் அதன் மென்பொருளும் உதிரிப்பாகச் சங்கிலியும் அமெரிக்கா வகுத்தபடியே இருக்கும். விலை குறைந்தாலும் சாவி விற்றவரிடமே தங்கும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு வலுவானது. விமானப்படைக்கு ஒப்புதல் உள்ளவை 42 படையணிகள். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருப்பவை சுமார் 29. ஆம்கா படையில் சேர 2030களின் நடுப்பகுதி ஆகும் என்று திட்டம் சொல்கிறது. 1983இல் ஒப்புதல் பெற்ற உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் 2001இல்தான் முதன்முறை பறந்தது; 2016இல்தான் படையில் சேர்ந்தது. அப்படியிருக்க உள்நாட்டுத் தேதிகளை எப்படி நம்புவது? அந்தத் தாமதத்தை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் காரணத்தைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுக் காவேரி எஞ்சின் 2008இல் தேஜஸிலிருந்து விலக்கப்பட்டது. 2021இல் ஒப்பந்தமான 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் தவணை தப்பியதற்கு முதன்மைக் காரணம், அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின்கள் வராததே. உடல் இங்கே தயாராக, இதயம் வேறு நாட்டில் காத்திருந்தது. ஆகவே இடைவெளியை நிரப்ப ஆம்காவைக் கைவிடுவது மருந்தாகாது. தேஜஸை விரைவாகச் செய்வதும், ஆம்காவுக்கான புதிய எஞ்சினைப் பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கேயே உருவாக்குவோம் என்று 2025 ஆகஸ்டில் சொன்னதைச் செய்து முடிப்பதுமே மருந்து. அதற்கான கைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. தேஜஸின் துணைக்கருவிகளுக்கான பற்சக்கரப் பெட்டியை ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்தது. இறக்கைகள் கோயம்புத்தூரில் பூட்டப்படுகின்றன. தேஜஸ் படையணிகள் சூலூரிலிருந்து பறந்திருக்கின்றன.

நீண்ட அலை ரேடார்கள் பெருகும்போது மறைதிறனுக்கு வீணாக ஏன் செலவிட வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. நீண்ட அலை, 'இந்தப் பக்கம் ஏதோ வருகிறது' என்று சொல்லும். ஏவுகணை சென்று மோதும் அளவுக்குத் துல்லியமாக இடத்தைச் சொல்லாது. அந்தத் துல்லியம் தரும் குறுகிய அலைக்குத் தெரியாமல் விமானம் பெறும் சில நிமிடங்களே மறைதிறனின் பயன். 1999இல் 78 நாள் போரில் வீழ்ந்த எஃப்-117 ஒன்றே ஒன்று என்பதும் அதே வரலாற்றின் பகுதி. ஆக அந்தப் பயன் மெய். ஆனால் அது தேயும். எதிரி ரேடாரை மாற்றும்போதெல்லாம் பூச்சையும் மின்னணுக் கருவியையும் மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கே அது நிலைக்கும். தன் கையால் செய்த விமானம் வேண்டும் என்ற வாதத்தை இந்த மறுப்பு இன்னும் உறுதியாக்குகிறது.

மூன்றாவது மறுப்பை எழுப்பும் உரிமை பழவேற்காட்டு மக்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம். முகத்துவாரம் தூர்ந்து படகு தரைதட்டும் ஊர்கள் அவை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் அந்தக் கடற்பகுதிக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் அன்றைய வருமானத்தை இழப்பவர்கள் அவர்கள். நாட்டின் வானுக்காக ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், இத்தனை ஆயிரம் கோடி எங்கள் கரைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் அது தேசத்துக்கு எதிரான கேள்வியன்று. ஆனால் ஆம்காவை நிறுத்தினால் அந்தப் பணம் தானாக முகத்துவாரத்துக்கு வந்துவிடாது. இரண்டுமே அரசின் கடமை, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட முடியாது. அந்த மக்களுக்கு அரசு தர வேண்டிய நேர்மையான விடை கணக்குதான். எத்தனை விமானங்கள் வாங்கப்பட்டன என்பதோடு, எத்தனை தயார்நிலையில் உள்ளன, ஒருமணி நேரம் பறக்க என்ன செலவாகிறது, எஞ்சினில் எத்தனை பங்கு இங்கே செய்யப்படுகிறது என்பனவும், பாதுகாப்புக்குக் கேடில்லாத அளவில், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 15,000 கோடி அதிகமா குறைவா என்பதை அந்தக் கணக்கே தீர்க்கும். கிளம்பத் தயாராக நிற்கும் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனால் அந்தப் பணம் நாட்டைக் காத்தது. உயராவிட்டால் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அது கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுதான்.