இஷாவுக்குப் பிந்திய பேச்சு

அரபு மொழியில் 'ஸமர்' என்றொரு சொல் உண்டு. ஏறக்குறைய அதே ஒலியுடைய தமிழ்ச் சொல்லாகிய 'சமர்' போரைக் குறிக்கும். அரபியிலோ அது இரவில் விழித்திருந்து உரையாடுதலைக் குறிக்கும். முதலில் நிலவொளிக்குப் பெயராக இருந்து, அந்நிலவில் அமர்ந்து மக்கள் பேசியமையால் அப்பேச்சுக்கே பெயராயிற்று என்று அகராதி அறிஞர்கள் கூறுவர். இதன் வழி வந்த மற்றொரு சொல் 'முஸாமரா'. ஸர்ஃபு ஓதிய மாணவர் அனைவரும் அறிந்த 'முஃபாஅலா' என்னும் வாய்பாட்டில் அமைந்தது. இவ்வாய்பாடு பெரும்பாலும் இருவர் பங்கு கொள்ளும் செயலுக்கே வரும். 'முகாதபா' என்றால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கொள்ளுதல். அவ்வாறே, ஒருவர் சொல்ல மற்றவர் வாய் திறவாமல் கேட்டிருத்தல் முஸாமரா ஆகாது. கேட்டவர் திருப்பிச் சொல்லுதலும் அதனுள் அடக்கம்.

இவ்விலக்கணக் குறிப்பை முதற்கண் வைப்பதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்த நாளிலிருந்து உற்றாரும் நண்பரும் கூடிப் பேசும் வழக்கம் ஒழிந்தது என்று எம் ஊர்ப் பெரியவர்கள் கூறக் கேட்டு வந்திருக்கின்றோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறியதுண்டு. வரலாற்றுக் கிதாபுகளைப் புரட்டப் புரட்ட, குற்றத்தை அந்தப் பெட்டியின் மீது முழுவதுமாகச் சுமத்தியது சரிதானா என்னும் ஐயம் எழுகின்றது.

இஷாத் தொழுகைக்கு முன் உறங்குவதையும், தொழுகைக்குப் பின் பேசிக் கொண்டிருப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது புகாரீயில் வரும் செய்தி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவின் முற்பகுதியைப் பேச்சிலும் பிற்பகுதியை உறக்கத்திலும் போக்குவோரைக் கடிந்து விரட்டியதாகவும் காண்கின்றோம். பின்னிரவுத் தொழுகையும் ஸுபுஹும் தவறிப் போகுமே என்பதே அக்கண்டிப்பின் காரணம். ஆயினும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இதே இடத்தில் வேறு இரு தலைப்புகளையும் இட்டிருக்கின்றார்கள். மார்க்க அறிவுக்காகவும் நன்மைக்காகவும் இஷாவுக்குப் பின் உரையாடுதல் என்பது ஒன்று. விருந்தினரோடும் குடும்பத்தாரோடும் உரையாடுதல் என்பது மற்றொன்று. முஸ்லிம்களின் காரியங்களைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு இரவில் பேசிக் கொண்டிருப்பார்கள், நானும் உடன் இருப்பேன் என்று அறிவிப்பவர் யார்? அதே உமர் (ரலி) அவர்கள்தாம்!

இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தமது 'ஷமாயில்' நூலில், நாயகத்தின் இரவுப் பேச்சுக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்துள்ளார்கள். அதில் இடம் பெறுவது உம்மு ஸர்உ அம்மையாரின் கதை. பதினொரு பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வதென்று உடன்படிக்கை செய்து கொள்கின்றனர். ஒருத்தி புகழ்கின்றாள், ஒருத்தி இகழ்கின்றாள், ஒருத்தி புகழ்கின்றாளா இகழ்கின்றாளா என்று உரையாசிரியர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இந்நெடுங்கதையை எடுத்துரைக்க, அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணலார் இறுதிவரை கேட்டிருந்து, அபூஸர்உ தம் மனைவிக்கு இருந்ததைப் போல் தாமும் ஆயிஷாவுக்கு இருப்பதாக அன்பு மொழி கூறினார்கள். ஊர்ப் பெண்டிர் பேச்சு என்று நாம் ஒதுக்கித் தள்ளும் செய்திதானே இது? பேரறிஞர் காழி இயாழ் (ரஹ்) அவர்களோ இந்த ஒரு ஹதீஸுக்கென்றே தனி உரைநூல் எழுதினார்கள்.

பக்தாதுக்கு வருவோம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அந்நகரின் மஜ்லிஸுகள் பேச்சாலேயே புகழ் பெற்றவை. அமைச்சர் இப்னு ஸஃதானின் இல்லத்தில் இரவுதோறும் நடந்த உரையாடல்களை, அவற்றில் பங்கு கொண்ட அபூஹய்யான் தவ்ஹீதீ 'அல்இம்தாஉ வல்முஆனஸா' என்னும் நூலாக எழுதினார். ஏறத்தாழ நாற்பது இரவுகளின் பேச்சு அதில் உள்ளது. ஆன்மா என்றால் என்ன, விலங்குகளின் குணம் எத்தகையது, அரபியர் சிறந்தவரா பாரசீகர் சிறந்தவரா என்று எல்லாமே வரும். விடைபெறும் நேரத்தில் அமைச்சர் ஒரு வேடிக்கைக் கதையைக் கேட்டுப் பெறுவார். அதோடு சபை கலையும். உமையாக் கலீஃபா சுலைமான் இப்னு அப்துல் மலிக், வாழ்வின் இன்பமெல்லாம் சலித்துப் போன பின், சொல்லை எண்ணி எண்ணிப் பேச வேண்டிய சுமையின்றித் தம்மோடு உரையாடும் ஒரு தோழனையே வேண்டி நின்றார் என்னும் செய்தியும் இந்நூலில்தான் உள்ளது.

அதே காலத்தவர் காழி முஹஸ்ஸின் தனூகீ. பஸராவில் பிறந்தவர்; ஹிஜ்ரி 384-இல், அதாவது கி.பி. 994-இல் மறைந்தவர். பல ஆண்டுகள் வெளியூர்களில் பதவி வகித்து பக்தாதுக்குத் திரும்பிய அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. முன்பு மஜ்லிஸுகளை நிறைத்திருந்த முதியவர்கள் போய்விட்டனர். எஞ்சியிருந்தோர்க்கு அவர்களுடைய பேச்சு நினைவில்லை. நினைவிருந்த சிலரும் பிழையாகச் சொன்னார்கள். ஆகவே ஹிஜ்ரி 360 அளவில் அவர் ஒரு விசித்திரமான பணியைத் தொடங்கினார். ஏற்கெனவே நூலில் எழுதப்பட்ட எதையும் சேர்ப்பதில்லை. வாய்மொழியாகக் கேட்டதை மட்டுமே எழுதுவது. 'நிஷ்வாருல் முஹாளரா' என்னும் அந்நூல் பதினொரு பாகங்களாக வளர்ந்தது. அமைச்சர்களின் ஊழல், திருடர்களின் தந்திரம், வணிகரின் நாணயம், மருத்துவரின் கைப்பக்குவம், கணவன் மனைவியர் பிணக்கு எனப் பக்தாதின் அன்றாட வாழ்க்கை முழுவதும் அதில் பேசுகின்றது.

காட்சி பார்க்கும் வழக்கமும் நம்மவர்க்குப் புதிதன்று. திரைக்குப் பின் விளக்கேற்றித் தோல் பாவைகளை ஆட்டும் 'கயாலுள் ளில்' என்னும் நிழற்கூத்து மிஸ்ரு நாட்டில் செழித்திருந்தது. மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக விளங்கிய இப்னு தானியால் (மறைவு கி.பி. 1310) எழுதிய மூன்று நிழற்கூத்து நூல்கள் இன்றும் உள்ளன. பார்த்ததையே பார்த்துச் சலித்துப் போயிற்று, புதியதாக ஒன்று எழுதித் தாரும் என்று நண்பர் ஒருவர் கேட்டுக் கொண்டதனால் எழுதியதாக அவர் கூறுகின்றார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த அலுப்பைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது.

மாவீரர் ஸலாஹுத்தீன் அய்யூபி இக்கூத்தைத் தம் அமைச்சர் காழி ஃபாளிலுக்குக் காட்ட ஏற்பாடு செய்தார். கூத்துத் தொடங்கியதும் காழி எழுந்து புறப்படலானார். இது ஹராமாயின் நாமும் பார்ப்பதில்லை என்றார் சுல்தான். காழி அமர்ந்து இறுதிவரை பார்த்தார். எப்படி இருந்தது என்று வினவியபோது, ஆட்சிகள் வருவதையும் போவதையும் கண்டதாகவும், திரையைச் சுருட்டியபோது ஆட்டுவித்தவன் ஒருவனே என்று தெரிந்ததாகவும் அவர் விடையளித்தாராம். சுல்தான் வினவியதை இங்கே நோக்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதைப் பற்றிப் பேச ஒருவர் அருகில் இருந்தார். 1451-இல் சுல்தான் ஜக்மக் பாவைகளையெல்லாம் தீயிலிடச் செய்தார், கூத்து அழியவில்லை. 1517-இல் மிஸ்ரை வென்ற உதுமானிய சுல்தான் ஸலீம், தாம் தூக்கிலிட்ட தூமான் பாயின் முடிவையே நிழற்கூத்தாகப் பார்த்து மகிழ்ந்து, கூத்தாடிக்கு 80 தீனார் பரிசளித்ததாக இப்னு இயாஸ் எழுதுகின்றார். காட்சி இன்பத்துக்கு இப்படியும் ஒரு கொடிய முகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னர்க் காப்பிக் கடைகள் வந்தன. 1830-களில் கெய்ரோவைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் எட்வர்டு லேன், அபூஸைத் காவியத்தைச் சொல்வோர் ஏறத்தாழ 50 பேர், சுல்தான் பைபர்ஸின் கதையைச் சொல்வோர் 30 பேர், அன்தரின் கதையைச் சொல்வோர் 6 பேர் என்று கணக்கே தருகின்றார். டமாஸ்கஸில் ஒரு கதைசொல்லி அன்தர் சிறைப்பட்ட இடத்தில் அன்றைய கதையை நிறுத்திவிட, கேட்டவர் ஒருவர் உறக்கம் வராமல் நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அன்தரை விடுதலை செய்தாலன்றிப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாராம். தொடர்நாடகம் பார்ப்போரை எள்ளி நகையாடுவோர் இக்கதையை நினைவிற் கொள்வாராக!

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது அரபு நாடுகளில் எழுந்த எதிர்ப்பு சாமானியமானதன்று. 1965-இல் மன்னர் ஃபைஸல் சவூதியில் தொலைக்காட்சியைத் தொடங்கிய வேளையில், அதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இளவரசர் காலித் இப்னு முஸாயித் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 மார்ச் 25-இல் மன்னரைச் சுட்டுக் கொன்றவர் அந்தக் காலிதின் தம்பி. ஒரு பெட்டியின் பொருட்டு ஓடிய குருதி இவ்வளவு.

எம் இராமநாதபுரக் கரையில் குருதி ஓடவில்லை. குத்பாக்களில் கண்டனம் மட்டும் ஒலித்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கப்பெற்றதாயினும், அதன் அலை எம் ஊரை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் கடல் கடந்து முதலில் வந்தது. சபுராளிகள் கொண்டு வந்த பெட்டி தெருவுக்கு ஒன்றிரண்டு இருக்கும். நெடிய குழாயில் ஆன்டெனாவைக் கட்டி ஒருவர் மாடியில் நின்று திருப்புவார். "தெரியுதா காக்கா?" என்பார். "புள்ளியாத்தான் விழுது, இன்னும் கொஞ்சம் கிழக்கே" என்று கீழிருந்து குரல் வரும்.

வந்த நாடகங்களோ பெரும்பாலும் சிங்களம். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. கொழும்பில் பல்லாண்டுகள் கடை நடத்தி ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்து மொழிபெயர்த்துச் சொல்வார். அவர் சொன்னதில் பாதி நாடகத்தில் இல்லாதது என்பது பின்னர்த்தான் தெரிந்தது. தாம் கண்ட கொழும்பு, கலவரத்தில் எரிந்த கடைகள், கடன் வாங்கித் திருப்பித் தராத முதலாளி என்று அவருடைய வாழ்க்கையே அந்த நாடகத்துக்குள் புகுந்து வந்தது. உள்ளறைத் திரைக்கு அப்பாலிருந்து பெண்களின் குரல் கேட்கும். "இந்தப் பிள்ளை இப்படி அழுவுதே, இதோட உம்மா எங்கே போனா?" என்று ஒரு மாமி கேட்பார். அதிலிருந்து ஊரில் நின்று போன ஒரு நிக்காஹ் பேச்சுக்கு வரும். கெய்ரோவின் காப்பிக் கடையில் லேன் கண்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

அடுத்து 'டெக்' வந்தது. வாடகைக்கு எடுத்த இரவில் கொடுத்த காசு வீணாகாமல் மூன்று படங்களைப் போட்டு விடிய விடியப் பார்ப்பார்கள். ஸுபுஹு தொழுகை என்னவாயிற்று என்று கேட்பவர்க்கு விடையில்லை. உமர் (ரலி) அவர்களின் சினம் நியாயமானது என்பதை அங்கே கண்ணாரக் கண்டோம். முஸ்தஃபா அக்காது 1976-இல் எடுத்த 'அர்ரிஸாலா' படத்தின் ஒளிநாடா வளைகுடாவிலிருந்து வந்தபோது எம் தெருவில் பெரும் வாதம் நடந்தது. நாயகத்தின் உருவமோ குரலோ அதில் இல்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எமக்கு ஓதித் தந்த உஸ்தாது ஒருவர், தாம் பார்ப்பதில்லை என்று கூறித் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார். உஹதுப் போர்க் காட்சி முடிந்ததும் சிறுவர்கள் சிலர் ஓடி வந்து, "ஹஜ்ரத், ஹம்ஸாவைக் கொன்ற அந்த ஆள் பிறகு என்ன ஆனான்?" என்று கேட்டோம். வஹ்ஷீ (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதையும், பொய்யன் முஸைலிமாவை வீழ்த்தியதையும் அவர் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. உள்ளே படம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் திண்ணையில் இருந்தோம்.

அந்த வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். பின்னர் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. அண்டை வீட்டார் வரவேண்டிய தேவை நின்றது. அறைக்கு ஒன்று வந்தபோது வாப்பாவும் மகனும் பிரிந்தனர். இப்போது ஆளுக்கொரு கைப்பேசி, செவியில் கருவி. படம் பார்த்துச் சிரிப்பவரிடம் ஏன் சிரிக்கின்றாய் என்று கேட்டால், அவர் கருவியைக் கழற்றி, என்ன கேட்டீர்கள் என்று நம்மையே வினவுகின்றார். அளவளாவுதல் இல்லாத வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததற்கு வள்ளுவர் ஒப்பிட்டார். நீர் இன்று முன்னைவிட மிகுதிதான்.

எமக்கு உறுத்தலாக இருப்பது மற்றொன்று. கொழும்புப் பெரியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் நாடகத்தினூடே சொன்னவற்றை நாம் எழுதி வைக்கவில்லை. சிறுவயதில் தோன்றவில்லை, தோன்றிய வயதில் அவர் இல்லை. அத்தெருவில் அன்றிருந்தோர் சிலரைக் கேட்டோம். நாடகத்தின் பெயர் ஒருவருக்கு நினைவிருந்தது. பெரியவர் சொன்னது எவருக்கும் நினைவில்லை.

தனூகீயின் பதினொரு பாகங்களுள் சிலவே முழுமையாகக் கிடைத்துள்ளன. காணாமற் போனவற்றுள் இயன்றதை, பிற்காலத்தவர் தத்தம் நூல்களில் எடுத்தாண்ட துணுக்குகளிலிருந்து பக்தாதின் வழக்கறிஞர் அப்பூது ஷாலிஜீ ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, 1970-களில் பெய்ரூத்தில் அச்சிட்டார். எஞ்சியவை இன்னும் கிடைக்கவில்லை.