எல்லாக் காலத்துக்கும் ஒரே டயரா?

போன வாரம் டொராண்டோவிலிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறாராம். எஞ்சின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகிற வண்டி, 300 குதிரைத்திறனுக்கு மேல். கூடவே வந்தது சம்மர் டயர். "அண்ணா, கடைக்காரர் வின்டர் டயர் போடச் சொல்றார். கூட்டாளிங்க ஆல் சீசனே போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துற செலவு மிச்சம்னு சொல்றாங்க. வரலாறு பேசுற நீங்க இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

பாதி கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வரலாறு இருக்கு. இந்த ரெண்டு டயரும் இரண்டு வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. அது தெரிந்தால் பதில் தானாக வரும்.

முதலில் பின்லாந்துக்குப் போவோம். 1930களில் அங்கே குளிர்காலத்தில் லாரி ஓட்டுவது பெரும் பாடு. பனி மூடிய சாலையில் சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி கட்டித்தான் ஓட்டணும். 1934இல் சுவோமென் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் நிறுவனம், இன்றைய நோக்கியன் டயர்ஸ், லாரிகளுக்காக ஒரு டயரைக் கொண்டுவந்தது. பெயர் கெலிரெங்காஸ். பனியைக் கடித்துப் பிடிக்கிற மாதிரி குறுக்குக் கட்டைகள் வைத்த டயர் அது. உலகின் முதல் குளிர்கால டயர் என்று அதைச் சொல்வார்கள். 1936இல் அதே நிறுவனம் கார்களுக்காக லுமி ஹக்கபெலீட்டா என்ற டயரை விற்பனைக்கு விட்டது. முப்பதாண்டுப் போரில் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படையின் பெயர் ஹக்கபெலீட்டா. லுமி என்றால் பனி.

ஆக, வின்டர் டயர் பிழைப்புக்காகப் பிறந்தது. சரக்கு போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

1960களில் டயருக்குள் உலோக ஆணி பதிக்கும் வழக்கம் பரவியது. வழவழப்பான ஐஸ் மேல் அந்த ஆணி நல்லாவே பிடிக்கும். ஆனால் பனி இல்லாத இடத்தில் அதே ஆணி சாலையைச் சுரண்டியது. சாலையில் பள்ளம் விழுந்தது, அரசுக்குச் செலவு ஏறியது. மேற்கு ஜெர்மனி 1975இல் ஆணி டயரைத் தடை செய்தது. நம்ம தம்பி இருக்கிற ஒன்டாரியோவின் தென்பகுதியிலும் அதற்கு இன்றைக்கும் அனுமதி கிடையாது.

ஆணி போன பிறகு என்ன செய்வது? இங்கேதான் பாதை இரண்டாகப் பிரியுது.

ஒன்று அமெரிக்கப் பாதை. அங்கே குளிர்காலம் வந்தால் பின்சக்கரத்துக்கு மட்டும் ஸ்னோ டயர் மாட்டுவது, கோடையில் கழற்றி கராஜில் போடுவது என்று ஒரு பழக்கம் இருந்தது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1977இல் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற ஆல் சீசன் ரேடியல் டயரை அறிமுகப்படுத்தியது. மக்கள் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலான புதுக் கார்கள் ஆல் சீசன் டயரோடுதான் ஆலையை விட்டே வந்தன. அந்த டயர் பிறந்தது வசதிக்காக. வசதி வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் வசதியும் பிடிமானமும் ஒன்று இல்லை.

இன்னொன்று ஜப்பான் பாதை. செண்டாய் போன்ற வட நகரங்களில் லட்சக்கணக்கான ஆணி டயர்கள் சாலையை அரைத்து அரைத்து, பனி உருகியதும் ஊரே தூசியில் மூழ்கியது. மூச்சுக்கோளாறு பற்றிய பயம் எழுந்தது. மக்கள் போராடினார்கள். 1990இல் ஆணி டயர்த் தூசியைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. சாலையைத் தின்னாமல் ஐஸைப் பிடிக்கும் டயர் வேண்டும் என்ற நெருக்கடியில் 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்ததுதான் பிளிசாக். ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள். ஐஸ் வழுக்குவதற்குப் பெரிய காரணம் அதன் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம். அந்தக் குமிழிகள் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் நேராக ஐஸைத் தொடும்.

இந்த இடத்தில் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர ஆரம்பித்தால் ரப்பர் இறுகும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது டயர் உலகின் பொதுக் கணக்கு. பனியே விழ வேண்டியதில்லை. காய்ந்த சாலையிலும் இதுதான் கதை. வின்டர் டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். ஆல் சீசன் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

சரி, பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருந்தால் போதாதா? போதாது. அது மண்ணுக்கும் பனிக்குமான டயர் என்று சொல்லும் ஒரு பழைய குறி. ட்ரெட்டில் பள்ளங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வைத்து நிறுவனமே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிப் பார்க்கணும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் 1999இல் மூன்று சிகரத்துக்குள் ஒரு பனித்துகள் போட்ட சின்னம் வந்தது. இறுகிய பனியில் ஒரு பொதுவான ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். ஆனால் அதுவும் பனியைப் பற்றிய சோதனைதான், வெறும் ஐஸில் நிற்பதைப் பற்றியது இல்லை. கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே முடிவு ஓட்டுபவர் கையில்.

இப்போ வேகக் காருக்கு வருவோம். 1968 மான்டி கார்லோ ராலி. ஆல்ப்ஸ் மலைச் சாலையில் ஒரு வளைவு காய்ந்திருக்கும், அடுத்த வளைவில் ஐஸ் இருக்கும். எந்த டயர் போடுவது என்பதுதான் அந்தப் பந்தயத்தில் பாதி ஆட்டம். அந்த வருஷம் அல்பீன் காரில் பாய்ந்துவந்த பிரான்சின் ஜெரார் லாரூஸ், துரினி கணவாய்ப் பக்கம் சாலையில் கிடந்த பனியில் சறுக்கி மோதிக்கொண்டார். அது வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை, பார்வையாளர்கள் அள்ளிப் போட்ட பனி! போர்ஷே 911 ஓட்டிய பிரிட்டனின் விக் எல்ஃபோர்ட் ஜெயித்தார். 1969லும் 1970லும் அதே ராலியை ஸ்வீடனின் பியோர்ன் வால்டிகார்ட் 911இலேயே ஜெயித்தார். பின்சக்கர இழுவைக் கார் பனியில் ஓடவே ஓடாது என்று சொல்பவர்களுக்கு இந்த மூன்று வருஷமும் பதில்.

ஆனா லாரூஸ் கதையைத்தான் நான் தம்பிக்குச் சொல்வேன். வழி முழுக்கச் சாலை நல்லா இருந்தது, ஒரு இடத்தில் இல்லை. அந்த ஒரு இடம்தான் கணக்கை முடித்தது. டொராண்டோவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான நாள் சாலை உப்புப் போட்டுச் சுத்தமாகவே இருக்கலாம். பிள்ளைகள் கடக்கிற சந்திப்பில் ஒரு நாள் காலை ஐஸ் இருந்தால் போதும். அங்கே 300 குதிரைத்திறன் எதற்கும் உதவாது. நான்கு சக்கர இழுவையும் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. வண்டியை நிறுத்துவது, உள்ளங்கை அளவில் தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகள்.

மறுபக்கமும் சொல்லணும். வெயில் காலத்தில் வின்டர் டயர் வேகக் காருக்குப் பெரும் தண்டனை. இளகிய ட்ரெட் நெளியும், ஸ்டியரிங் தாமதமாகக் கேட்கும், பிரேக் தூரம் கூடும், டயர் சீக்கிரம் தேயும். அதனால் ஏப்ரலில் கழற்றியே ஆகணும். கடும் குளிரே வராத ஊரில், எப்போதாவது லேசாகப் பனி தூவும் இடத்தில், சிகரச் சின்னம் உள்ள நல்ல ஆல் சீசன் நியாயமான தேர்வுதான். 2015இல் மிஷலின் கிராஸ்கிளைமேட் வந்தபின் அந்த வகை ரொம்பவே முன்னேறியிருக்கு. ஆனால் வேகக் கார்களுக்கென விற்கும் ஆல் சீசன்களில் பலவற்றில் அந்தச் சின்னம் கிடையாது. பக்கச்சுவரைக் குனிந்து பார்த்துட்டு வாங்குங்க.

தம்பிக்கு என் பதில் இதுதான். டொராண்டோ குளிருக்கு வின்டர் டயர், நாலு சக்கரத்துக்கும். வண்டி அனுமதித்தால் ஒரு அளவு சின்ன ரிம், கொஞ்சம் ஒடுக்கமான டயர். ஒடுக்கமான டயர் பனியை அறுத்துக்கொண்டு கீழே போகும். இப்போ இருக்கிற சம்மர் டயரைப் பத்திரமாக எடுத்து வையுங்க. கடும் குளிரில் அதை ஓட்டவே வேண்டாம். சில வேக டயர்கள் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே வெடிப்பு விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

செலவா? ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாது. ரெண்டும் கூடுதல் வருஷம் வரும். ஒன்டாரியோவில் வின்டர் டயருக்கு இன்ஷூரன்ஸ் தள்ளுபடியும் உண்டு, கேட்டு வாங்கிக்கோங்க.

பனிக்காலம் முடிஞ்சதும் இன்னொரு குரல் பதிவு அனுப்புங்க தம்பி. வண்டி எப்படி நின்றது என்று கேட்க ஆசை. அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.