விளக்குமாற்றின் மேல் ஒரு வழக்கு

வெளிநாட்டுக் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி, "தாத்தா, சூனியக்காரி விளக்குமாற்றில் ஏறி எப்படிப் பறக்கிறாள்?" என்று கேட்டாள்.

கதை எழுதிப் பிழைப்பவனிடம் வந்து பௌதிகம் கேட்டால் என்ன செய்வது? தெரிந்ததைச் சொன்னேன். பருந்து வானத்தில் நிற்க வேண்டுமானால் சிறகினால் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். விளக்குமாற்றுக்குச் சிறகு ஏது? 50 கிலோ எடையுள்ள பெண்ணைத் தூக்கும் விசை அந்தக் குச்சிக்குள்ளேயே ஒளிந்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், பாரம் முழுவதும் குச்சிக்கு மேலேயல்லவா இருக்கிறது? சற்றே சாய்ந்தால் போதும். அம்மாள் வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான்!

பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். சரித்திரம் நினைவுக்கு வந்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிரான்ஸ் தேசத்தில் கியோம் எதலின் என்று ஒரு பாதிரியார் இருந்தார். சூனியக்காரர்கள் பறப்பதெல்லாம் வெறும் மயக்கம் என்று பிரசங்கம் செய்தவர். 1453-ல் அவரையே பிடித்து விசாரித்தார்கள். விளக்குமாற்றில் ஏறிப் பறந்ததாக அவர் ஒப்புக்கொண்டார்! ஆயுள் சிறை கிடைத்தது.

1610 நவம்பரில் ஸ்பெயினில் லோக்ரோனோ நகரில் 6 பேரை உயிரோடு எரித்தார்கள். முன்பே இறந்துபோன 5 பேருக்குப் பதிலாக அவர்களுடைய உருவப் பொம்மைகளை எரித்தார்கள். அந்த விசாரணை மன்றத்தின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் அலோன்சோ தெ சலசார். மறு வருஷம் அவர் கிராமம் கிராமமாகப் புறப்பட்டார். 1,800 பேருக்கு மேல் விசாரித்தார். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மந்திரத் தைலம் என்று வந்த 22 கலயங்களை வைத்தியர்களிடம் காட்டியும், பிராணிகளுக்குக் கொடுத்தும் சோதித்தார். அத்தனையும் போலி!

நியூட்டனின் விதிகள் அச்சேறியது 1687-ல்தான். சலசாருக்குப் பௌதிகம் தேவைப்படவில்லை. 'கண்ணால் கண்ட அத்தாட்சி எங்கே?' என்ற கேள்வியே போதுமாயிருந்தது. அவர் முயற்சியால் 1614-ல் புதிய விதிகள் பிறந்தன. அதன் பிறகு ஸ்பானிய விசாரணை மன்றம் சூனியத்துக்காக எரிப்பதை ஏறக்குறைய கைவிட்டது.

சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரையில் அந்த ஊர்களில் சூனியக்காரரே இருந்ததில்லை என்று அவர் அறிக்கையில் எழுதினார். எழுதிப் பிழைக்கும் என்னை அந்த வாக்கியம் இன்னமும் உறுத்துகிறது.

"அப்படியானால் அவள் பறக்கவே கூடாதா, தாத்தா?" என்றாள் பேத்தி.

"கதையில் தாராளமாகப் பறக்கட்டும், கண்ணே! கோர்ட்டிலே சாட்சி சொல்லும்போது மட்டும் யாரும் அவளைப் பறக்கவிடக் கூடாது" என்றேன்.