முழம், எலா, மீட்டர்: துணிக்கடையில் கணக்குத் தப்பாமல் இருக்க

சிரம்பான்: தையல்காரர் மீட்டரில் சொல்கிறார். கடைக்காரர் எலாவில் வெட்டுகிறார். வீட்டுப் பாட்டி முழத்தில் கேட்கிறார். பெருநாள் துணி எடுக்க லாபு, ரந்தாவ், பகாவ் தோட்டங்களிலிருந்து பட்டணத்திற்கு வரும் குடும்பங்கள் இந்த மூன்று கணக்குக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

எலா என்று மலாயில் சொல்வது யார்டு, அதாவது நம் கெஜம். ஒரு கெஜம் 91.44 சென்டிமீட்டர். மீட்டரை விட ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் தையல்காரர் 4 மீட்டர் கேட்டிருக்க, கடையில் 4 எலா வெட்டினால் 34 சென்டிமீட்டர் குறையும். பஞ்சாபி உடைக்குக் கை வைக்கத் துணி போதாமல் போக அதுவே போதும். வெட்டிய துணியைக் கடை திரும்ப எடுக்காது.

விலையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு கடையில் எலா 10 ரிங்கிட், பக்கத்துக் கடையில் மீட்டர் 10 ரிங்கிட் 50 சென் என்றால் எது மலிவு? மீட்டர்தான். எலா 10 ரிங்கிட் என்பது மீட்டருக்கு 10 ரிங்கிட் 94 சென் ஆகிறது.

மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மீட்டரை எலாவாக்க, பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 4 மீட்டருக்கு 4.4 எலா, 5 மீட்டருக்கு 5.5 எலா. இப்படிக் கேட்டால் துணி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுமே தவிரக் குறையாது.

முழம் உடம்பிலிருந்து வந்த அளவு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். இரண்டு சாண் சேர்ந்தது. இரண்டு முழம் ஒரு கெஜம், நான்கு முழம் ஒரு பாகம். மலாய்க்காரர்களின் ஜெங்கால், ஹஸ்தா, எலா, டெப்பா ஆகியவையும் அதே வரிசையில் இரண்டிரண்டாகவே ஏறுகின்றன. ஹஸ்தா என்பது கையைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். ஆகவே முழக் கணக்குத் தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்கு மலாய்க் கணக்கு அந்நியமில்லை.

கைக்குக் கை முழம் மாறும் என்பது பூக்காரரிடம் முழம் போட்டு வாங்கிய எல்லாருக்கும் தெரியும். துணிக் கணக்கில் அது 18 அங்குலம், அதாவது 45.72 சென்டிமீட்டர். அதன்படி நான்கு முழ வேட்டி 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66 மீட்டர். எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்த எட்டுச் சாணும் நான்கு முழந்தான். இன்று பெட்டியில் வரும் வேட்டிகள் முழப் பெயரைத் தாங்கினாலும் நீளத்தில் சற்று முன்பின் இருக்கும். பெட்டியில் அச்சிட்ட மீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது.

ஆறு கெஜப் புடவை 5.49 மீட்டர். 6.2, 6.3 மீட்டர் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ரவிக்கைத் துணியும் அதிலேயே சேர்ந்திருக்கும். மடிசாருக்கான ஒன்பது கெஜம் 8.23 மீட்டர்.

நீளம் சரியாக இருந்தும் துணி போதாமல் போவதுண்டு. அங்கே காரணம் அகலம். கடைகளில் 'பிடாங் 45', 'பிடாங் 60' என்பார்கள். இரண்டும் அங்குலக் கணக்கு, முறையே 114, 152 சென்டிமீட்டர். தையல்காரர் எந்த அகலத்தை மனதில் வைத்து 4 மீட்டர் சொன்னார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 60 அகலத்துக்குச் சொன்ன நீளத்தை 45-இல் வாங்கினால் மீட்டர், எலா கணக்கு எதுவும் கைகொடுக்காது.

மலேசியா மீட்டர் முறைக்கு மாற வழிவகுத்தது 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம். ஐம்பது ஆண்டு கடந்தும் துணிக்கடை மேசையில் எலா போகவில்லை. விலைச்சீட்டில் எந்த அளவு என்று எழுதாவிட்டால் கத்தரிக்கோல் படுவதற்கு முன் கேட்டுவிடலாம். அளவில் குறை என்று தோன்றினால் ரசீதுடன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகத்தில் புகார் செய்யலாம். ரசீதில் '4' என்று மட்டும் போடாமல் '4 மீட்டர்' என்று எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.